பத்து கழித்த சுவர்

ரமேஷ்பாபு தேனியிலிருந்து கொத்தனாராக மட்டாஞ்சேரிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கடைசி நான்கு வருடங்களாகக் கரண்டியைத் தொடுவதில்லை. பழைய பண்டகசாலைகளை ஏசி அலுவலகங்களாக மாற்றித் தரும் ஒப்பந்தக்காரர் யூசுப்புக்கு, சுவரைச் சோதித்து எழுதிக் கொடுப்பதுதான் வேலை. எந்தக் கல், எந்தப் பூச்சு, எவ்வளவு ஈரம். மீட்டரில் ஈரம் இருபதுக்குக் கீழே என்று அவர் கையெழுத்திட்ட பிறகே, வெயிலின் சூடு உள்ளே இறங்காதிருக்க ஃபாயில் ஒட்டிய பலகையை உள்பக்கம் அறைவார்கள். கவனமான ஆள் என்று பெயர். பழக்கத்தையே கவனம் என்று நினைத்துக்கொள்பவர்களில் அவரும் ஒருவர்.

கருவாடு அடுக்கிய பண்டகசாலைகளில் சுவர் உப்பேறியிருக்கும். மீட்டர் ஈரத்தைக் கூட்டிக் காட்டும். அதனால் பத்தைக் கழித்து எழுதுவது அவர்களுக்குள் வழக்கம். மாசியில் ஒரு வெட்டுக்கல் சுவர் இருபத்தாறு காட்டியது. பதினாறு என்று எழுதினார். அங்கே முன்பு என்ன வைத்திருந்தார்கள் என்று கேட்கவில்லை.

ஆடி மழையில், பேச்சுவாக்கில், முன்பு அங்கேயே மூட்டை சுமந்த அந்தக் கட்டடத்துக் காவலாளி ராமர் சொன்னார்: "நான் இங்க சுமந்ததெல்லாம் அரிசிதாண்ணே. உப்பு இந்தப் படியே ஏறல."

அப்படியானால் அந்த இருபத்தாறும் ஈரம்தான். ரமேஷ்பாபு ஏணி வைத்து, உத்தரத்தின் கீழே பலகையைக் கொஞ்சம் அறுத்துப் பார்த்தார். வெளியே சிமெண்ட், உள்ளே ஃபாயில். சுவரின் ஈரம் போக வழியில்லாமல் மரத்தில் ஊறியிருந்தது. குத்திய திருப்புளி இரண்டு அங்குலம் உள்ளே போனது.

அந்த உத்தரத்தின் மேல்தான் அவர் குடியிருந்தார். வேலையோடு யூசுப் கொடுத்த மாடி அறை. மனைவி வீரலட்சுமி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள்.

"பலகையைப் பிரிக்கணும் இக்கா. உத்தர முனை போச்சு" என்று யூசுப்பிடம் சொன்னார்.

"யாரு கையெழுத்து அது?"

"என்னோடதுதான்."

"அப்போ பலகையோட நீயும் இறங்கணும். வைட்டிலாவுல தேனி பஸ் எத்தனை மணிக்குன்னு தெரியுமா?" யூசுப் சிரித்தார். "ஓணம் கழியட்டும், நோக்கலாம். சாயா குடி."

அதுவரை அது தவறு. அந்தச் சாயாவைக் குடித்த பிறகு அதற்கு வேறு பெயர்.

மாலையில் கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்தார்.

"எதுக்குங்க?" என்றாள் வீரலட்சுமி.

சொன்னார். அவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள்: "கீழ எத்தனை பேரு வேலை பாக்குறாங்க?"

"பதினொன்னு."

"அவங்க நாற்காலியையும் நகத்திட்டீங்களா?"

மறுநாள் காலை கீழே இறங்கி அலுவலக வாசலில் போய் நின்றார். சொல்லவேண்டியதை இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். முதலில் வந்தது ஸுப்ரியா, அங்கே கணக்கு எழுதும் பெண். கதவைத் திறந்தபடியே கேட்டாள்: "ஏசி ரிப்பேர் நன்னாக்க வந்தேளா, சேட்டா?"

"ஆமா," என்றார்.

உள்ளே போய், அந்தச் சுவரோரத்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் நகர்த்தத் தொடங்கினார்.