எறும்பளவு அக்கா

எங்கள் மாமாவுக்குக் கட்டடக் கிறுக்கு. எண்பதுகளில் பெங்களூரில் ஃபேக்டரி வேலை பார்த்த அவர், மாரண்டஹள்ளிக்கு வரும்போதெல்லாம் ஓர் ஆல்பம் கொண்டுவருவார். தூண், மாடம், ஜன்னல், அவற்றின் மேல் சாயங்கால வெயில். மருந்துக்குக்கூட ஒரு மனித முகம் இருக்காது. "ஆளே இல்லாத படத்துக்கு எதுக்குடா ஃபிலிமு?" என்று அவருடைய அக்காவான எங்கள் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவரிடம் போய் என் அக்காவுக்குக் கல்யாணப் படம் எடுக்கச் சொன்னாளே, அதை என்னவென்று சொல்ல! அக்கா அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். சேலத்தில் காலேஜ் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். அப்பா கையெழுத்துப் போடவில்லை. பெண் கேட்ட நல்லம்பள்ளிக்காரர்கள் ஆடி பிறப்பதற்குள் படம் வேண்டும் என்றார்கள். ஸ்டுடியோ படத்தில் அக்கா கருப்பாக விழுந்திருந்தாள். சாயங்கால வெயிலில் எடுத்தால் நிறமாகத் தெரியும் என்பது அம்மாவின் கணக்கு.

அம்மா, அக்கா, நான் மூவரும் பஸ் ஏறிப் பெங்களூர் போனோம். விதான சௌதா முன்னால் நிற்க வைத்து எடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை.

"வெயிலு எதுத்தாப்ல இருக்கற செவப்புக் கட்டடத்து மேலதாங்க்கா வுழுது" என்றார் மாமா. ஃபிலிமில் நாலு படம்தான் மிச்சம்.

அம்மா பூ வாங்கப் போன நேரத்தில் அக்கா மாமாவிடம் என்னவோ சொல்லி அழுதாள். ஏன் என்று கேட்டேன். கண்ணில் தூசி என்றாள். திரும்பி வந்த அம்மாவிடம் நானும் தூசி என்றே சொன்னேன். அம்மா மறுபடியும் பவுடர் அப்பினாள்.

மாமா கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். அக்காவும் கட்டடத்தின் பக்கமாக ஓரடி பின்னால் போனாள். அவர் இன்னும் போனார், இவளும் போனாள்.

"எங்கடா போய்ட்டே இருக்க?" என்று அம்மா கத்தினாள்.

"உச்சி வெட்டுப்படுதுக்கா!" என்றார் மாமா.

படங்கள் தபாலில் வந்தபோது ஆடி பிறந்து மூன்று நாளாகியிருந்தது. கட்டடம் பழுத்த தக்காளி நிறத்தில் ஜொலித்தது. அதன் அடியில் எறும்பளவில் ஒரு புடவை. நாலிலும் அப்படியே.

"கூறு கெட்டவன்! கட்டடத்துக்கா மாப்ள பாக்கறோம்?" என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி திட்டினாள். எனக்கும் மாமா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆடியில் யார் கல்யாணம் பேசுவார்கள்? "சும்மாதான வூட்ல இருக்கா, ஆடி முடியற வரைக்கும் போய்ட்டு வரட்டும்" என்று அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். ஆவணியில் விசாரித்தபோது நல்லம்பள்ளிக்காரர்களுக்கு வேறு இடம் அமைந்திருந்தது.

அக்கா சேலத்துக்குக் கிளம்பிய காலையில், சர்ட்டிஃபிகேட்டுகளுக்கு நடுவே அந்தப் படங்களில் ஒன்றைப் பத்திரமாக வைத்தாள்.

"மூஞ்சியே தெரியலையேக்கா, இத எதுக்கு எடுத்துட்டுப் போற?" என்றேன்.

"தெரியலையில்ல?" என்று அவள் சிரித்தாள்.

பாவம், மனசு விட்டுப்போய்ச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பொங்கலுக்கு வந்த மாமா பிஸ்கட் பாக்கெட்டை நீட்டியபோது, வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.