முப்பத்தாறு டிகிரி

அப்துல் மாலிக் பாய் எங்கள் ரத்த வங்கிக்கு வேலைக்கு வந்தபோது அவருக்கு ஐம்பது வயது. சவூதியின் தம்மாமில் பதினேழு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, முழங்கால் தேய்ந்துபோனதால் பாலக்கரைக்குத் திரும்பியவர். ஸ்ரீரங்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய ரத்த வங்கி எங்களுடையது. நான் அங்கே லேப் டெக்னீஷியன், பெயர் இளவேனில். ஃப்ரிட்ஜ்களையும் ஏசியையும் பார்த்துக்கொள்ளத்தான் பாயை எடுத்தார்கள். ஆறு மாதத்தில் கம்ப்யூட்டரும் அவர் பொறுப்பாகிவிட்டது. படித்து வந்ததல்ல. ஒன்று பழுதானால் அதைத் திறந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டரின் வேலை காவல் காப்பது. ரத்தப் பைகள் இருக்கும் ஃப்ரிட்ஜ் இரண்டிலிருந்து ஆறு டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குள் இருக்கும் கருவி நிமிடத்துக்கு ஒருமுறை குளிர்ச்சியை அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஆறைத் தாண்டினால் கம்ப்யூட்டர் மூன்று பேருடைய போனுக்கு அழைப்பு விடும்: வங்கியின் பொறுப்பாளர் டாக்டர் பீமராவ், மாலிக் பாய், நான்.

சென்ற ஆண்டு மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் நாற்பத்தொன்றைத் தொட்டிருந்தது. மதியம் ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் நின்றுவிட்டது. ஆனால் யாருக்கும் அழைப்பு வரவில்லை. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் தானாக அணைந்திருந்தது. மாலை நான்கு மணிக்கு டூட்டிக்கு வந்த நான் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது உள்ளே பதின்மூன்று டிகிரி. இருந்த பைகள் அத்தனையையும் கழித்துக் கட்ட வேண்டியதாயிற்று. அவற்றில் ஓ நெகட்டிவ் இரண்டு.

அன்று மாலையே அந்த ரத்தம் தேவைப்பட்டது. முசிறியிலிருந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்திருந்த வீராயி என்ற பெண்ணுக்குக் குழந்தை பிறந்த பிறகும் உதிரப்போக்கு நிற்கவில்லை. அவளுடைய கணவன் சுடலைமுத்து ரத்தச் சீட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றான். இல்லை என்று நான்தான் சொன்னேன். திருச்சியில் வேறெங்கும் அந்த வகை கிடைக்காமல், தஞ்சாவூரிலிருந்து ரத்தம் வந்து சேர மூன்று மணி நேரமாகிவிட்டது. வீராயி பிழைத்தாள். பெண் குழந்தையும் நன்றாக இருந்தது. ஆனால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

அறக்கட்டளைக்குப் போன அறிக்கையில் 'எதிர்பாராத பழுது' என்று எழுதியிருந்தது. யாரும் மாலிக் பாயைக் குறை சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் தூசி படியாமல் இருக்கட்டும் என்று அதைக் கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரிக்குள் வைத்தவர் அவர்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து என் மேசைக்கு வந்தார்.

"முசிறி உங்க ஊருதானேம்மா?"

"ஆமா பாய்."

"அந்தப் பொண்ணு வீடு தெரியுமா?"

தெரியும். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மேசையை விட்டு நகரவில்லை. அடுத்த ஞாயிறு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் ஏறினோம்.

சுடலைமுத்து வாழைத்தார் ஏற்றும் வேலை செய்பவன். எங்களைப் பார்த்ததும் அவனுக்கு யாரென்று புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டான். வீராயி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மாலிக் பாய் நாற்காலியில் உட்காரவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அலமாரி, கண்ணாடிக் கதவு, அணைந்த கம்ப்யூட்டர் எல்லாம்.

வீராயி குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பொட்டி சூடாவுறது யாருக்கும் தெரியாதா பாய்? ஒடம்புச் சூடு பார்க்கத்தான் கருவி இருக்கே. அதுக்கு அப்படி ஒண்ணும் கெடையாதா?"

"இருந்துச்சும்மா. உள்ளயே இருந்துச்சு. நான் ஒருநாளும் பார்க்கல."

சுடலைமுத்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். திரும்பி வந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க" என்றான். அந்தக் குரலில் கோபமும் இல்லை, மன்னித்தேன் என்பதும் இல்லை.

ஜூலையில் புதுக் கம்ப்யூட்டருக்கான பாகங்கள் வந்தன. மாலிக் பாயே அதைப் பூட்டினார். அலமாரி போய், நான்கு பக்கமும் காற்றுப் படும்படி இரும்பு ஸ்டாண்ட் வந்தது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டார். ஃப்ரிட்ஜைக் கவனிக்கும் மென்பொருள் அதில்தான் ஓடும். அது அன்றே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டர் தன்னுடைய சூட்டைத் தானே சொல்ல வேண்டும், எல்லை தாண்டினால் அதற்கும் மூன்று போன்கள் அடிக்க வேண்டும் என்றார்.

அது லேசில் நடக்கவில்லை. சூட்டை அளக்கும் சில்லு கம்ப்யூட்டரின் மதர்போர்டிலேயே இருக்கிறது. அதோடு பேசத் தெரிந்த ஒரு சிறு நிரல் லினக்ஸில் இருக்க வேண்டும். எங்கள் போர்டு மிகப் புதியது. தேடச் சொல்லிக் கட்டளை கொடுத்தால், ஏதோ ஒரு சில்லு இருக்கிறது, எதுவென்று தெரியவில்லை என்று பதில் வந்தது. பாய்க்குத் தெரிந்தது தம்மாம் இங்கிலீஷ்தான். இணையத்தில் யார் யாரோ எழுதியதைப் போனில் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். ஒன்பதாவது நாள், யாரோ ஒருவர் எழுதியிருந்த வழி ஒன்று கிடைத்தது. புதிய சில்லைப் பழைய சில்லு என்றே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸைக் கட்டாயப்படுத்தலாம். ஒரு வரிதான். அதைச் சேர்த்துக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டதும் திரையில் எண் வந்தது. முப்பத்தாறு டிகிரி.

அன்று அவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த எண்ணை நான் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவேட்டில் எழுத வேண்டும் என்று டாக்டர் உத்தரவிட்டார். எழுதினேன். முப்பத்தாறு. முப்பத்தாறு. எப்போதாவது முப்பத்தைந்தரை. பதினான்கு நாள், பதினான்கு பக்கம். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று டாக்டர் பாராட்டினார்.

பதினைந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. பாய் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தபோது கரண்ட் போய் அரை மணி நேரமாகியிருந்தது. ஜெனரேட்டரில் ஃப்ரிட்ஜ்களும் கம்ப்யூட்டரும் ஓடின. கம்ப்யூட்டர் அறையின் ஏசி ஓடவில்லை. உள்ளே வந்தவர் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டே சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இளவேனில், இந்த ரூம்ல இப்ப எவ்வளவு?"

"முப்பத்தொன்பது பாய்."

"பொட்டிக்குள்ள?"

"முப்பத்தாறு."

"எரியற அடுப்பு, சுத்தி இருக்கற காத்தை விடக் குளிர்ச்சியா இருக்குமாம்மா?"

எனக்குப் புரிய சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் பதிவேட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்த எண் எதையும் அளக்கவில்லை. தெரியாத சில்லிடம் தெரியாத மொழியில் கேட்டு, அது சொன்ன ஏதோ ஒன்றைச் சூடு என்று நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"நம்பர் வந்துச்சா, கண்ணை மூடிக்கிட்டேன். இத்தனை வருஷம் ஏசி பார்த்தவன் நான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். உடனே டாக்டர் அறைக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார்.

உரிமத்தைப் புதுப்பிக்க இரண்டு அதிகாரிகள் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. மே மாதம் நடந்ததை அவர்கள் துருவிக் கேட்பார்கள் என்று டாக்டருக்குத் தெரியும். பாய் சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பாய், கம்ப்யூட்டரோட சூட்டை எழுதணும்னு எந்தச் சட்டமும் இல்ல. ஃப்ரிட்ஜ் கணக்கு சரியா இருக்கா?"

"அது சரியா இருக்கு டாக்டர். அது தனிக் கருவி."

"அப்ப திங்கட்கிழமை வரைக்கும் இதை விடுங்க. அவங்க போனப்புறம் நிதானமாப் பார்த்துக்கலாம்."

பாய் தலைகுனிந்து நின்றார். "அந்த ஞாயித்துக்கிழமையும் எல்லாம் சரியா இருக்குன்னுதான் டாக்டர் வீட்ல படுத்திருந்தேன்" என்றார்.

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்தே என்னிடம், "கோடு போட்டுருங்கம்மா" என்றார்.

எங்கள் பதிவேட்டில் தவறை அழிக்கக் கூடாது. அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டு, காரணம் எழுதி, கையெழுத்திட வேண்டும். பதினான்கு பக்கத்துக்கும் கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டின் கீழும் 'அளவு உண்மையானதல்ல' என்று எழுதி நானும் பாயும் கையெழுத்துப் போட்டோம். முடிக்க மாலையாகிவிட்டது.

சனிக்கிழமை காலை அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்தார். போர்டில் அந்தச் சில்லின்மேல் அச்சடித்திருந்த எண்ணைப் படித்து எழுதிக்கொண்டார். அதை வைத்துத் தேடியதில் விஷயம் தெரிந்தது. அதற்கான சரியான நிரல் இருக்கிறது, ஆனால் நாங்கள் போட்டிருந்ததற்குப் பிறகு வந்த கர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில்தான், அது சேர்க்கப்பட்டிருக்கிறது. யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். முதலிலேயே இதைத் தேடியிருந்தால் அந்தப் பதினான்கு நாள் இல்லை.

புதுக் கர்னலைப் போட்டு முடிக்கும்வரை கம்ப்யூட்டரை நம்ப வேண்டாம் என்று, கால் மணிக்கு ஒருமுறை ஃப்ரிட்ஜை நானே நேரில் பார்க்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். கட்டாயப்படுத்திய வரியை எடுத்தார். கர்னலை மாற்றினார். கம்ப்யூட்டர் மறுபடி எழுந்து வந்து, கட்டளை கொடுத்ததும், திரையில் வரிசையாகப் பெயர்களும் எண்களும் வந்தன. ப்ராசசருக்கு எதிரே எண்பத்தேழு டிகிரி.

"இதுவும் பொய்யா பாய்?" என்று கேட்டேன்.

"தெரியல. பார்க்கணும்."

ஓடிக்கொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினார். எண் மெல்ல இறங்கியது. ஓடவிட்டார், ஏறியது. மூடியைக் கழற்றி, ப்ராசசரின் சூட்டை இழுத்து வெளியேற்ற அதன்மேல் இருந்த அலுமினியத் தகடுகளில் விரலை வைத்தார். அவர் முகம் மாறிவிட்டது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தகடு லேசாகத்தான் சுட்டது.

"அடியில எண்பத்தேழு. மேல இவ்வளவுதான். சூடு மேல ஏறல, நடுவுல ஏதோ தடுக்குது."

கம்ப்யூட்டரை அணைத்து நான்கு திருகையும் கழற்றி, தகட்டைத் தூக்கித் திருப்பினார். அதன் அடிப்பக்கத்தில், பூட்டுவதற்கு முன்பு உரித்து எறிய வேண்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. பூட்டியது அவர் கை. அவர் அதை உரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரு நாற்பது டிகிரி நாள் வந்திருந்தால் இந்தக் கம்ப்யூட்டரும் நின்றிருக்கும். எங்கள் பதிவேட்டில் முப்பத்தாறு என்று இருந்திருக்கும்.

சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்து, புதுப் பசை தடவிப் பூட்டினார். ஐம்பத்திரண்டு டிகிரி காட்டியது. இந்த முறை அவர் நம்பவில்லை. ஏசியை நிறுத்தி ஒரு மணி நேரம் காத்திருந்தார். அறை சூடேறச் சூடேற அந்த எண்ணும் கூடவே ஏறியது. ஏசியைப் போட்டதும் இறங்கியது. எல்லையைக் குறைத்து வைத்துச் சோதித்தபோது மூன்று போன்களும் அடித்தன. பிறகு எல்லையை எழுபத்தைந்தில் வைத்தார். வீட்டிலிருந்து அவர் மனைவி நஜீமா அனுப்பிய சாப்பாட்டை அன்று திறக்கவே இல்லை.

திங்கட்கிழமை வந்த அதிகாரிகளில் ஒருவர் அமிர்தசாமி, வயதானவர். கோடு போட்ட பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். "இதென்ன?" என்றார். டாக்டர் வாய் திறப்பதற்குள் மாலிக் பாய் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னார். மே மாத அலமாரி, கட்டாயப்படுத்திய சில்லு, பிளாஸ்டிக் தாள் எல்லாம்.

"நீங்க சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார் அமிர்தசாமி.

"எனக்குத் தெரியும்ல சார்."

உரிமம் உடனே கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி ஆய்வு என்று எழுதிவிட்டுப் போனார்கள். அறக்கட்டளைக்காரர்கள் டாக்டரைக் கடிந்துகொண்டார்கள். டாக்டர் ஒரு வாரம் பாயிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்டோபரில் வந்து பார்த்தபிறகுதான் உரிமம் தந்தார்கள்.

அதற்கிடையில் பாய் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தான் செய்கிற எந்த வேலையையும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். "நான் நல்லா வேலை பார்க்கறவன்னு எல்லாரும் நம்புறீங்க. அதான் பயமா இருக்கு" என்றார். அந்த வேலை எனக்கு வந்தது. கம்ப்யூட்டரைத் திறக்கவும், தகட்டைக் கழற்றிப் பூட்டவும், கட்டளை கொடுத்து எண்களைப் படிக்கவும் கற்றுக்கொண்டேன். மாதத்தின் முதல் புதன்கிழமை இருவரும் சேர்ந்து பெட்டியைத் திறக்கிறோம். அவர் ஒவ்வொரு எண்ணாக வாசிக்கிறார். அது அளவுதானா, வெறும் எண்ணா என்பதை நான் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.