சிவப்பு பார்க்கத் தெரிந்தவள்

கோவில்பட்டியில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிற வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து முப்பது வருஷம் ஆகிறது. விளாத்திகுளம், குளத்தூர் பக்கத்துச் சம்சாரிகள் விளைவித்துக் கொண்டுவந்து இறக்கும் மூட்டைகளைப் பிரித்துத் தரம் சொல்வது என் வேலை. வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். வத்தலைப் பார்த்துச் சொல்ல மட்டும் என்னைத்தான் கூப்பிடுவார். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், ஓவியக் கண்காட்சிக்குப் போகிறவள் என்றதும் ஆட்கள் என்னைக் காலேஜ் டீச்சர் என்று நினைத்துவிடுகிறார்கள். நான் பத்தாவது. பெயிலாகவில்லை, நிறுத்திவிட்டார்கள்.

முதல் கண்காட்சிக்குள் நான் நுழைந்தது கால் கடுத்துப்போய்த்தான். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, மதுரையில் டாக்டர். எங்கள் டோக்கனுக்கு முன்னால் பெருங்கூட்டம். ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கட்டடத்தில் 'ஓவியக் கண்காட்சி, அனுமதி இலவசம்' என்று துணி கட்டியிருந்தார்கள். உட்கார நாற்காலியாவது இருக்கும் என்று போனேன். நாற்காலி இல்லை, சுவர் முழுக்கப் படங்கள்தான். அதில் ஒன்றில் ஒரு நீலம் இருந்தது. புயலுக்கு முந்தின நாள் கடல் பக்கம் வானம் அந்த நிறத்தில்தான் இருக்கும். அதை ஒருத்தர் உட்கார்ந்து பார்த்து, கலந்து, துணியில் ஏற்றியிருக்கிறார் என்று நினைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. போன் அடிக்கும்வரை அதன் முன்னாலேயே நின்றேன். "டோக்கன் போயிட்டு, எங்கன கெடக்க?" என்று வீட்டுக்காரர் வைதார். வைதது காதிலேயே ஏறவில்லை.

அதன் பிறகு பேப்பரில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியை முதலில் பார்க்க ஆரம்பித்தேன். பட்டிமன்றம், திருவிளக்கு பூஜை, புத்தக வெளியீடு எல்லாவற்றுக்கும் நடுவே ஓவியம் என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடுவேன். மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி எங்கே என்றாலும் லோடு வராத நாளாகப் பார்த்துக் காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவேன். பார்த்ததெல்லாம் பிடித்துவிடவில்லை. ஒரு இடத்தில் கிழிந்த சாக்கு ஒன்றை ஆணியடித்து மாட்டி, அதன் மேல் லைட் போட்டு வைத்திருந்தார்கள். அந்த மாதிரிச் சாக்கு எங்கள் கடைக்குப் பின்னால் குவிந்து கிடக்கிறது. ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, அதன் முன்னாலும் பத்து நிமிஷம் நின்றேன்.

ஒரு குறை மட்டும் இருந்தது. எனக்கு வாய் வராது. வரைந்தவர்கள் பக்கத்தில் வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். கடையில் என் வாய்க்குப் பயந்து லோடுமேன்கள் ஒதுங்கிப் போவார்கள். அங்கே போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நமக்கு என்ன தெரியும் என்ற பயம்தான். வீட்டுக்காரர் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, ஏசி காத்து வாங்கத்தான போற. பாத்த படத்தப் பத்தி ஒரு வார்த்த சொல்லு, கேப்போம்" என்பார். சொல்லத் தெரியாமல் முழிப்பேன். அவர் கேலியை விட, அது நிஜமாக இருந்துவிடுமோ என்பதுதான் என்னை அரித்தது.

போன கோடையில் மதுரையில் ஒரு கண்காட்சி. வரைந்தவள் விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பெண், என் மகள் வயது. எங்கள் கரிசல் காட்டுப் பிள்ளை என்றதும் அவள் வந்திருப்பவர்களோடு பேசப்போகிற நாளாகப் பார்த்துப் போனேன். நடுச்சுவரில் பெரிய படம், பேர் 'களம்'. கறுத்த மண்ணின் நடுவே காயப்போட்ட மிளகாய், பார்த்த இடமெல்லாம் சிவப்பு. அதன் முன்னால் நின்று ஆட்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வத்தலைக் கண்ணால் மட்டும் பார்த்து எங்கள் தொழிலில் எவரும் வாங்கமாட்டார்கள். ஒரு பிடி அள்ளி அமுக்கி, விரலை மோந்து பார்த்தால்தான் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று தெரியும். முப்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. படத்தின் வலது ஓரத்தைப் பெருவிரலால் அமுக்கி, விரலை மூக்கிடம் கொண்டுபோனேன். "ஏம்மா, தொடக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கில்ல, படிக்கத் தெரியாதா?" என்று வாட்ச்மேன் கத்தினார். எல்லாத் தலையும் திரும்பியது. முகம் எரிய, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

கூட்டம் ஆரம்பித்தது. அந்தப் பெண் சுருக்கமாகப் பேசினாள். "இது எங்க அப்பா களம். அவரு இன்னும் வந்து பாக்கல. எதுக்கு இத வரைஞ்சன்னு கோவம்" என்றாள். அடுத்துப் பேசியவர் நரைத்த தாடிக்காரர், படங்களைப் பற்றி எழுதுகிறவராம். இது விளைச்சலின் கொண்டாட்டம் என்றார். சிவப்பை மேலிருந்து கீழாக வெட்டிப் போகும் நேர்கோடு அபாரமான உத்தி என்றார். கை தட்டினார்கள். அந்தப் பெண் தட்டவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கை எதற்கு ஈரம் பார்க்கப் போனது? ஏற்கெனவே கண் பார்த்துவிட்டது, அதனால்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சிவப்பு, அந்தப் பக்கம் வேறு சிவப்பு. எழுந்து வெளியே போய்ப் பஸ் ஏறிவிடலாம். ஏறினால் இனி எந்தக் கண்காட்சிப் படியும் மிதிக்க மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. வீட்டுக்காரர் சொன்னது சரி என்று ஆகிவிடும். "யாராவது ஏதாவது கேக்கணுமா?" என்று மைக்கில் கேட்டார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"இது கொண்டாட்டம் இல்ல சார். இந்த வத்தல் நனைஞ்சிருக்கு."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நல்லதாகப் போயிற்று, எனக்குக் கடையில் பேசுகிற வாய் வந்துவிட்டது. "சிரிக்கிறவிய இங்கன வந்து பாருங்க" என்று படத்துக்குப் பக்கத்தில் போனேன், இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "கோட்டுக்கு இடது பக்கம் தோல் மினுங்குது. வலது பக்கம் மினுக்கமே இல்ல. காம்படி கறுத்திருக்கு, நடுவுல திட்டுத்திட்டா வெளுத்திருக்கு. காயப்போட்ட பெறகு மழை பேஞ்சாத்தான் வத்தல் இப்படி ஆகும். ரெண்டு நாளாவது தண்ணியில கெடந்திருக்கு. நீங்க உத்தின்னு சொன்ன கோடு, தார்ப்பாய் முடிஞ்ச இடம். இதுக்கு மேல தார்ப்பாய் எட்டல."

தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தின் அருகில் வந்து குனிந்து பார்த்தார். "நான் இதைப் பார்க்கவே இல்லம்மா" என்றார். பெரிய மனுஷர்தான்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க வச்ச நாள்லேருந்து எல்லாரும் அழகு அழகுன்னுதான்க்கா சொன்னாவ. அப்பாவும் போன்ல போட்டோவப் பாத்துட்டு, நம்ம அழிஞ்சத அழகாக்கித் தொங்க விட்டுட்டயேன்னு திட்டினாரு. அழகுக்கு வரையலன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்காரு. நீங்க சொல்லுங்க" என்று போனைப் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

கோவில்பட்டி கமிஷன் கடை என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். "படத்துல என்னம்மா தெரியுது?" என்று கேட்டார், வத்தலுக்குத் தரம் கேட்கிற அதே குரலில்.

"தார்ப்பாய் பத்தலன்னு தெரியுது, அண்ணாச்சி."

"ஒண்ணுதாம்மா இருந்துச்சு. எந்தப் பக்கத்த மூடன்னு தெரியாம நானும் அவளும் மழையில நின்னோம். அதையா வரைஞ்சிருக்கா?"

"அதத்தான் வரைஞ்சிருக்கா."

"படத்துல அது யாருக்கும் தெரியாதுன்னுல்லா நெனச்சேன்" என்றார். பிறகு, "அங்கன வர எந்த பஸ்ல ஏறணும்?" என்று கேட்டார்.

கோவில்பட்டி வந்து மதுரை பஸ் ஏறுங்க, மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் பிடிங்க என்று ஆரம்பித்து, கட்டடத்து வாசல்வரை ஒரு திருப்பம் விடாமல் சொன்னேன். எனக்குத் தலை கொள்ளாத கர்வம். மறந்துவிடப் போகிறார் என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.