சோற்றுப் பசையில் ஒட்டிய லிஸ்பன்

அப்பாவின் குளிரங்கியைத் தொட்டால் விமானம் மணக்கும்; ஆறிய கோப்பியும், கைதுடைக்கும் ஈரத்தாளின் எலுமிச்சையும், யாரோ பூசியிருந்த வாசனைத் திரவியமும் கலந்த மணம். டோர்வல் விமான நிலையத்தில் வந்திறங்கும் விமானங்களைத் துப்புரவாக்குவது அவர் வேலை. இருக்கைப் பையில் கிடந்து குப்பைக்குப் போகவிருந்த, லிஸ்பன் படங்கள் நிறைந்த ஒரு சஞ்சிகையை அவர் கேட்டு வாங்கி வந்த நாளில்தான் லிஸ்பன் எங்கள் லாசால் வீட்டுக்குள் நுழைந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு பழக்கும் வகுப்பில், எங்கள் வீட்டுப் பேச்சில் அது "அக்கேய்", இரண்டாவது வருடமாகக் குந்தியிருந்தேன். ஆளுக்கொரு ஐரோப்பியத் தலைநகரத்தைப் பற்றிப் பேசவேண்டும், அதைக் கேட்டபின்தான் யாரைப் பொது வகுப்புக்கு அனுப்புவதென்று முடிவு செய்வேன் என்றார் எங்கள் ஆசிரியை "மதாம்". சீட்டில் எனக்கு லிஸ்பன் விழுந்தது. மூன்றாவது வருடமும் அங்கே இருப்பதில்லை என்று அன்றே நான் தீர்மானித்துவிட்டேன்.

சஞ்சிகைப் படங்களைப் பார்த்துப் பால் பெட்டிகளை வெட்டி, குன்றும் நீல ஓடு பதித்த சுவரும் மஞ்சள் டிராமுமாக ஊரைக் கட்டினேன். வாங்கிய பசை பாதியில் தீர்ந்துபோக, அம்மா சோற்றை மசித்துத் தந்தார். "நம்மட மட்டக்களப்புக் கோட்டையக் கட்டினவனுகள்ட ஊரா இது? சோத்துப் பசை போடு மனே, அசையாது" என்றார். பேச்சை நூலகப் புத்தகத்திலிருந்து எழுதி, குளிக்கும்போதும் விடாமல் பாடமாக்கினேன்.

பேசவேண்டிய அன்று பார்த்து ஈரப்பனி கொட்டியது. ஊரை வைத்துத் தூக்கிப்போன அட்டைப்பெட்டியை வகுப்பில் திறந்தபோது, உள்ளே நனைந்து பசை இளகி, ஒரு சுவர்கூட நிற்கவில்லை. பாடமாக்கிய வசனங்களும் அதோடு மறந்துபோயின. அழுகையை ஆத்திரம் முந்திக்கொண்டது. "ஒருநாள் காலை இந்த ஊர் ஆடியது" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் தொடங்கினேன். திருநாளென்று சனமெல்லாம் தேவாலயங்களில் இருந்த வேளையில் நிலம் நடுங்கியதையும், ஆற்றுவாயால் கடல் ஏறியதையும், மிச்சத்தை நெருப்புத் தின்றதையும் சொல்லிக்கொண்டே, நனைந்த பெட்டிகளை ஒன்றில் ஒன்றைச் சாய்த்து, ஊர்ச்சனம் பிறகு திருப்பிக் கட்டியபோது அமைத்த நேரான தெருக்களைப் போல வரிசையாக நிறுத்தினேன். மதாம் கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். நான் ஒப்புவிக்காமல் பேசியதை அவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அடுத்த தவணையில் பொது வகுப்பில் என் பெயர் இருந்தது.

போன வருடம், ஓய்வு பெற்றுவிட்ட அப்பாவை லிஸ்பனுக்குக் கூட்டிப்போனேன். விமானத்தில் உட்கார்ந்ததும் அவர் கை தானாக முன் இருக்கையின் பைக்குள் போனது. "புத்தகம் ஒண்டுமில்லையே மனே" என்றார். எல்லாம் இருக்கைக்கு முன்னாலுள்ள திரைக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு ஊர்களைக் கொண்டுவந்த அந்தச் சஞ்சிகைகள் இனி இல்லை. என் பால்பெட்டி நகரமும் நான் பேசிய அன்றைக்கே பள்ளிக்கூடக் குப்பையில் போனதுதான்.

லிஸ்பனின் அந்த நேரான தெருக்களில் ஒன்றில் அப்பா நின்று, ஒரு கட்டடத்தின் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இத நல்லா ஒட்டியிருக்கானுகள் மனே."