என் தலைக்குள் இருந்த சின்ன மேடு

தம்பிக்கு நடுக்கநோய். மூளையைக் கேடு வராமல் காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் அவனுக்குக் குறைந்திருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. என்ற காந்த இயந்திரத்தால் அளந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத என் மூளையும் தேவைப்பட்டது. அதற்காக எங்கள் ஊர் ஆலங்குடாவிலிருந்து கொழும்புக்குப் போனேன்.

"ராத்தா, உடம்புல ஊசி, இரும்பு ஏதும் இரிக்கா?" என்று அங்கே வேலை செய்யும் பெண் என்னை அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

முக்காட்டின் மடிப்பில் நான்கு ஊசிகள் இருந்தன. கழற்றினால் ஆண்கள் முன் தலைமுடி தெரியுமே என்ற கூச்சத்தில், "ஒண்டும் இல்ல" என்றேன்.

இயந்திர அறை வாசலில் அவள் கேட்ட கேள்வி திரும்ப நினைவுக்கு வந்து நின்றேன். "மகள், பொய் சொல்லிட்டேன். முக்காட்டுல ஊசி இரிக்கி."

அவள் ஏசவில்லை. "நல்ல காலம். உள்ளுக்குப் போயிருந்தா காந்தம் ஊசியப் புடுங்கி உங்கட கண்ணுலயே குத்தியிருக்கும். குத்தாட்டியும், இரும்பு கிட்ட இருந்தா அளவு பிழைச்சிடும்" என்றாள். ஆண்களை வெளியே அனுப்பி, ஊசிகளைக் கழற்றி, முக்காட்டைத் தன் கையாலேயே முடிந்துவிட்டாள்.

எல்லாம் முடிந்ததும் திரையில் உயர்ந்த கோடுகளுக்கு நடுவே ஒரு சின்ன மேட்டைக் காட்டினாள். "இதுதான் ராத்தா அந்தப் பொருள். ஒரு சொட்டு ரத்தமும் எடுக்கல்ல, பாருங்க."

திரும்பும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் நானாகவே இந்த ஊசிக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். கூச்சம் என்னை மட்டும்தான் கெடுக்கும் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அன்று அது தம்பிக்கான அளவையும் கெடுக்கப் பார்த்தது.