பாட்டிலில் பிடித்த ஓடை

எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளுக்குக் கீழே உள்ள ஓடையில் ஒரு நாள் காலையில் கெண்டை மீன்கள் செத்து மிதந்தன. மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் பூச்சிமருந்தடித்த டிரம்களை ஓடையில்தான் கழுவுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஓடையில் வலை போட்டு, வண்டிப்பெரியார் பஜாரில் மீன் விற்றுப் பிழைக்கிற பக்கத்து வீட்டு அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. ஃபேக்டரியில் தேயிலை வாட்டுகிறவனுக்குச் சட்டம் பேச இப்படி ஒரு வாய்ப்பு எப்போது கிடைக்கும்?

"கவலப்படாதீங்கக்கா, தண்ணிய நாசம் பண்றவன உள்ள தள்ளச் சட்டம் இருக்கு. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அந்தச் சட்டத்தை ஃபோனில் பாதிதான் படித்திருந்தேன்.

ஓடைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, வெயில் படாமல் பேப்பர் சுற்றி வீட்டில் வைத்தேன். பிறகு டீக்கடை, ரேஷன் கடை, சர்ச் வாசல் என ஓர் இடம் விடாமல் ஓடை முழுக்க விஷம் என்று முழங்கினேன். மறுநாள் பஸ்ஸில் பேப்பரை விலக்கிப் பார்த்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. மருந்து தன் வேலையைக் காட்டிவிட்டது என்று எனக்குப் புல்லரித்தது.

மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸில் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்துப் பேசினேன். அங்கிருந்த அதிகாரி மேடம் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மலையாளத்தில் கேட்டார்.

"சேட்டா, இது பதிமுகம் இட்டுத் திளப்பிச்ச வெள்ளமல்லே?"

எங்கள் பக்கத்தில், தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் பாட்டில் இல்லாமல் யாரும் வெளியூர் கிளம்புவதில்லை. புருஷன் கலங்கல் தண்ணீரைக் குடிக்கப் போகிறானே என்று பதறிய என் மனைவி, அதைக் கொட்டிக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, பேப்பரையும் பழையபடி சுற்றி வைத்திருந்தாள்.

மேடம் சிரித்து முடித்துவிட்டு, நான் எதைக் கொண்டுவந்தாலும் சட்டப்படி செல்லாது, அவர்களே வந்துதான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றார். நான் படிக்காத பாதியில் அதுதான் இருந்திருக்கிறது. ஆனால் சொன்னபடி வந்தார், எடுத்தார். தோட்டக்காரருக்கு நோட்டீஸ் போனது. டிரம் கழுவுவது நின்றது. மழைக்காலம் முடிந்து மறுபடி சோதித்தபோது தண்ணீர் நன்றாக இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. மீனும் வந்தது. ஓடையை நானே வெட்டியதுபோல் பஜாரில் நடந்தேன்.

அக்காவின் கூடையில் மட்டும் மீன் அப்படியே கிடந்தது. "அந்த ஓடை மீனா? விஷம்லா" என்று எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள்.

ஒரு சாயங்காலம் அக்கா வாழையிலையில் பொரித்த மீனோடு டீக்கடைக்கு வந்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, விஷம்னு ஊரு பூரா சொன்னது நீங்கதான். இப்ப எல்லாரு முன்னாலயும் நீங்களே தின்னு காட்டுங்க."

ரிப்போர்ட்டை நானே படித்திருந்தேன். ஆனாலும் கை வரவில்லை. முள் எடுக்கிற சாக்கில் மீனைக் கிளறிக்கொண்டிருந்தேன். கடையே என் வாயைப் பார்த்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"நீங்களே தின்ன மாட்டீகளா?" என்று கேட்ட அக்கா, இலையைத் தன் பக்கம் இழுத்து முதல் துண்டைத் தானே வாயில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் நான் தின்றேன். அதை யாரும் சட்டை செய்யவில்லை.