முடிவுக்குப் பிறகு ஒரு கல்யாணம்

மாலை ஏழு பத்துக்கு முதலில் தெரிந்தது ஓர் அயோடின் கறை. ஜமுனாமரத்தூர் பள்ளி மைதானத்தில் மருந்தகத்துப் படுக்கை விரிப்பைத்தான் திரையாகக் கட்டியிருந்தார்கள். படத்தில் வந்த வெள்ளைக்காரர் ஒவ்வொருவர் கன்னத்திலும் கறை மச்சமாக உட்கார்ந்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நாவலிலிருந்து எடுத்த பழைய ஹாலிவுட் படம்; போர்முனைச் சிப்பாய்க்கும் நர்ஸுக்கும் காதல். வேலூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு மலைச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த நான், இங்கிலீஷ் தெரிந்த பாவத்துக்கு மைக்கில் கதை சொல்ல உட்கார்ந்திருந்தேன்.

மருந்தகத்திலும் ஒரு நர்ஸ் இருந்தார். லீவில் வந்திருந்த மிலிட்டரிக்காரர் ஒருவர் அவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். நர்ஸுக்கும் சம்மதம். சண்டைக்குப் போகிறவனுக்குப் பெண் கொடுத்துவிட்டுத் தினமும் தந்திக்குப் பயப்பட முடியாது என்று நர்ஸின் அப்பாதான் மறுத்தார். அன்று அவரும் ஆலங்காயத்திலிருந்து வந்து முன்வரிசையில் இருந்தார்.

மிலிட்டரிக்காரர் மத்தியானமே என்னிடம் ஓடி வந்திருந்தார்.

"சார், கடைசில ஹீரோ சாவறானாமே?"

"ஆமா, குண்டு பட்டு."

"இன்னா சார் சாதாரணமா சொல்றீங்க? நர்ஸோட அப்பா பாத்தார்னா என் கதை முடிஞ்சிதுங்க."

மூன்றாவது ரீலில் கல்யாணம், நான்காவதில் சாவு. ஆபரேட்டரும் நானும் சேர்ந்து ரீல்களை இடம் மாற்றிவிட்டோம். சாவைப் படத்து நர்ஸ் கண்ட கனவு என்று சொல்லிவிடலாம். நம் படங்களில் இல்லாத கனவா?

ஹீரோ செத்தார். "கனவு!" என்றேன். ரீல் முடிகையில் லென்ஸைக் கையால் மறைக்க ஆபரேட்டர் ஒரு நொடி பிந்தினார். அடுத்த ரீலில் ஹீரோ சர்ச்சுக்குப் போய் மோதிரம் மாற்றினார். கூட்டம் விசிலடித்தது.

விளக்கு எரிந்ததும் நர்ஸின் அப்பா நேரே மைக்கிடம் வந்தார்.

"ஏன் சார், 'தி எண்ட்' போட்டப்பறம் எவனாச்சும் கல்யாணம் பண்ணிக்குவானா?"

அவர் டூரிங் டாக்கீஸில் பதினொரு வருஷம் டிக்கெட் கிழித்தவர். நான் விசாரித்திருக்க வேண்டும்.

பிறகு அவர் மிலிட்டரிக்காரர் பக்கம் திரும்பினார். "ரீலை மாத்தச் சொன்னது நீதானே தம்பி? மிலிட்டரில நீ இன்னாதான் பண்றே?"

ஊரே அவரைப் பீரங்கிப் படை என்று நம்பியிருந்தது. அவரும் மறுத்ததில்லை.

"சமையலுங்க."

"இன்னா?"

"கேம்ப்ல குக்குங்க."

முதலில் சிரித்தது நர்ஸ். அப்பா சிரிக்கவில்லை.

"அடப்பாவி, இதைச் சொல்றதுக்கா ஒரு வெள்ளைக்காரனைச் சாவடிச்சு எழுப்பினீங்க? மொதல்லயே சொல்லியிருந்தா தையிலயே முடிச்சிருப்பேனே!"

வைகாசியில் கல்யாணம் நடந்தது. சமையலை மாப்பிள்ளையே மேற்பார்வை பார்த்தார். சாம்பாரில் உப்பு அதிகம்.